வடிவம் ஒன்று, வழி பல: பாக்டீரியப் புறஇழை ஆய்வின் வரலாறு

முன்னுரை

பாக்டீரியாக்களின் மேற்பரப்பில் மயிர்போல் நீண்டிருக்கும் புரத இழைகள், அவை திசுக்களைப் பற்றிக்கொள்ளவும், கூடிப் படலமாக வாழவும், சில இனங்களில் இடம்பெயரவும் துணைசெய்கின்றன. நீந்துவதற்கு உதவும் கசையிழைகளைவிட இவை பெரும்பாலும் மெல்லியவை. எஸ்செரிச்சியா கோலையின் முதல்வகை இழையின் விட்டம் ஏறத்தாழ 7 நானோமீட்டர் மட்டுமே. எனவே இவற்றைப் பற்றிய ஆய்வு எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வருகைக்குப் பின்னரே தொடங்கியது. தோற்றத்தைக் கொண்டு பெயரிட்ட நிலையிலிருந்து, கட்டமைப்பு முறையைக் கொண்டு வகைப்படுத்தும் நிலைக்கு இத்துறை வந்தடைந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது. தோற்ற ஒற்றுமை பிறப்பு உறவுக்குச் சான்றாகாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

பெயரிடலும் குழப்பமும்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஆய்வுசெய்த ஹௌவிங்க், வான் இட்டர்சன் ஆகியோர் 1950இல் கசையிழை அல்லாத நுண்ணிழைகளை விவரித்து, அவை பற்றுதலுக்கு உதவக்கூடும் என்று கருதினர். எடின்பரோவின் டியூகிடும் அவர்தம் குழுவினரும் 1955இல் இவ்விழைகளைச் சிவப்பணுக்களை ஒட்டித் திரளச் செய்யும் திறனோடு தொடர்புபடுத்தினர்; இழைவிளிம்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் 'ஃபிம்ப்ரியே' என்று பெயரிட்டனர். பிட்ஸ்பர்க்கின் சார்லஸ் பிரிண்டன் 1959இல் மயிர் எனப் பொருள்படும் 'பிலி' என்னும் சொல்லை முன்வைத்தார். இவ்விரு பெயர்களும் தோற்றத்தையே சுட்டின. பின்னர்ச் சிலர் மரபுப்பொருளைக் கடத்தும் இழைகளுக்கு மட்டும் 'பிலி' என்பதை ஒதுக்கினர். வேறு சிலர் இரண்டையும் ஒருபொருட் பன்மொழியாகவே ஆண்டனர். ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு பொருள்கள் திரண்டதற்கான அடிப்படை இங்கேயே அமைந்தது.

நான்கு கட்டமைப்பு வழிகள்

முதலாவது, காப்புப் புரதமும் வாயிற்புரதமும் இணைந்து செயற்படும் வழி. இழையின் அலகுப் புரதம் ஒவ்வொன்றும் இம்யூனோகுளோபுலினை ஒத்த மடிப்புடையது. ஆயினும் அம்மடிப்பின் இறுதிப் பட்டை அதில் இல்லை. இவ்வெற்றிடத்தைக் காப்புப் புரதம் தன் பட்டையால் தற்காலிகமாக நிரப்புகிறது. அடுத்துவரும் அலகின் நுனிப்பகுதி அதனை விலக்கி அவ்விடத்தில் அமர, இழை நீள்கிறது. ஹல்ட்கிரென், வாக்ஸ்மன் உள்ளிட்டோர் பங்குகொண்ட ஆய்வுகள் 1999இல் இதன் அடிப்படையைப் படிகக் கட்டமைப்பின் வழி வெளிப்படுத்தின. இவ்வழியில் முதலில் வெளிவருவது நுனியில் அமையும் பற்றுப்புரதம்.

இரண்டாவது, நான்காம் வகை இழை. இது உள்சவ்விலிருந்து ஏ.டி.பி. ஆற்றலால் வளர்கிறது; அவ்வாற்றலாலேயே உள்ளிழுக்கவும்படுகிறது. சூடோமோனாஸில் இத்தகைய உள்ளிழுப்பு நிகழ்கிறது என்று பிராட்லி 1980இல் கருதினார். கோனோரியா நோய்க்கிருமியில் மெர்ஸ், சோ, ஷீட்ஸ் ஆகியோர் 2000இல் அதனை நேரடியாக அளந்து, பாக்டீரியாவை நகர்த்துவது இதுவே என்று காட்டினர்.

மூன்றாவது, கர்லி. 1989இல் எஸ்செரிச்சியா கோலையில் விவரிக்கப்பட்ட இவ்விழை, சால்மொனெல்லாவில் வேறொரு பெயரால் வழங்கப்பட்டது. இதன் அலகுகள் கரைந்த நிலையில் வெளியேறி, மேற்பரப்பிலுள்ள மற்றொரு புரதத்தைக் கருவாகக் கொண்டு திரள்கின்றன. இவ்வாறு உருவாகும் இழை அமிலாய்டு தன்மையது என்பதைச் சாப்மனும் பிறரும் 2002இல் நிறுவினர்.

நான்காவது, கிராம் நேர்வகைப் பாக்டீரியாக்களின் வழி. யானகாவா குழுவினர் 1968இல் கோரினிபாக்டீரியம் ரீனேலில் இழைகளைக் கண்டனர். அவற்றின் இணைப்பு முறை நெடுங்காலம் விளங்கவில்லை. 2003இல் டான் தாட், ஷ்னீவிண்ட் ஆகியோர், தொண்டை அடைப்பான் கிருமியில் சார்டேஸ் என்னும் நொதி அலகுகளைச் சகப்பிணைப்பால் இணைக்கிறது என்று காட்டினர். முதல் வழியில் அலகுகள் சகப்பிணைப்பின்றியே கோத்துக்கொள்வதை இதனுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்.

எதிர்நிலைச் சான்று

ஒத்த தோற்றம் உடையவை வேறுவேறு வழிகளில் உருவாவது ஒருபுறம். வேறுபட்ட தோற்றம் உடையவை ஒரே வழியில் உருவாவதும் உண்டு. பிளேக் கிருமியின் எஃப்1 எதிர்ப்பொருள் நுண்ணோக்கியில் மயிராகத் தோன்றாமல் உறைபோல் காட்சியளிக்கிறது; ஆயினும் அது காப்புப் புரதம், வாயிற்புரதம் ஆகியவற்றின் வழியிலேயே கோக்கப்படுகிறது. இத்தகைய சான்றுகளால் தோற்றம் சார்ந்த பகுப்பு நிலைகுலைந்தது. 2007இல் நூச்சியோ, பாய்ம்லர் ஆகியோர் வாயிற்புரதத்தின் பரிணாம உறவைக் கொண்டு இவ்வழியைச் சார்ந்தவற்றை ஆறு கிளைகளாக வகுத்து, கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டனர். இழையின் வடிவத்தினின்று அதனைக் கோக்கும் பொறிக்கு வகைப்பாட்டின் அளவுகோல் மாறியது இங்கே தெளிவாகிறது.

முடிவுரை

இம்மாற்றம் மருத்துவத்திற்கும் இன்றியமையாதது. சிறுநீர்ப் பாதைத் தொற்றில் முதல்வகை இழையின் நுனிப்புரதம் மன்னோஸ் சர்க்கரையைப் பற்றுகிறது. அதனைத் தடுக்க மன்னோஸைப் போன்ற சேர்மங்கள் உருவாக்கப்படுகின்றன. நான்காம் வகை இழைக்கோ கர்லிக்கோ இதே உத்தி பொருந்தும் என்று எதிர்பார்க்க இயலாது.

தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. இவ்விழைகள் அனைத்தையும் 'மயிரிழை' என்னும் ஒரே சொல்லால் குறித்தால், 1950களின் குழப்பத்தையே தமிழிலும் நிலைநிறுத்துவோம். பொதுச்சொல்லாகப் 'புறஇழை' என்பதைக் கொண்டு, உட்பிரிவுகளைக் கட்டமைப்பு வழியின் அடிப்படையில் பெயரிடுவதே ஏற்புடையது. பொருளின் வடிவத்தை மட்டுமன்றி அது உருவாகும் முறையையும் கலைச்சொல் உணர்த்துமானால், கற்போர் பிழைபட்ட உறவுகளைக் கற்பித்துக்கொள்வது குறையும்.