எச்சரிக்கை எண்ணும் மலையமைப்பும்: 2003 ரோஜர்ஸ் கணவாய் விபத்தை முன்வைத்து

2003 பிப்ரவரி 1 அன்று, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ரோஜர்ஸ் கணவாயை ஒட்டிய கன்னாட் ஓடைப் பள்ளத்தாக்கில், பனிச்சறுக்குக் கட்டைகளுடன் சென்ற பதினேழு பேர் கொண்ட பள்ளிக் குழுவின்மேல் பனிச்சரிவு விழுந்தது. மாணவர் எழுவர் இறந்தனர். ஐந்து நிலைகள் கொண்ட அபாய அளவுகோலில், அன்றைய அறிக்கை மர எல்லையிலும் அதற்கு மேலும் மூன்றாம் நிலையையும் மர எல்லைக்குக் கீழே இரண்டாம் நிலையையும் குறித்திருந்தது. குழு சென்றது கீழே, பள்ளத்தாக்கின் அடியில். அறிக்கை பொய்க்கவில்லை. பனியின் நிலையைச் சொல்லும் எண்ணை இடத்தின் பாதுகாப்பைச் சொல்லும் எண்ணாக வாசிக்க இடமிருந்ததே கோளாறு என்பது என் வாதம்.

முதலில் பனியைப் பார்ப்போம். 2002 நவம்பரில் அப்பகுதியின் செல்கர்க் மலைகளில் பெய்த மழை, பனியின்மேல் உறைந்து ஓடாகப் படிந்தது. அடியில் நிலத்தின் வெதுவெதுப்பு, மேலே கடுங்குளிர். இந்த வெப்ப வேறுபாட்டால் பனிக்குள்ளேயே நீராவி நகர்கிறது. ஓட்டை ஒட்டிய துகள்கள் பிணைப்பை இழந்து, பட்டைதீட்டிய பரல்களாக மாறுகின்றன. அள்ளினால் சர்க்கரைபோல் விரலிடுக்கில் உதிரும். உருண்டை பிடிக்க வராது. அதன்மேல் விழும் புதுப்பனி இறுகிப் பலகையாகிறது. சாய்வு 30 முதல் 45 பாகை வரை உள்ள இடங்களில் இப்பலகை ஒரே வீச்சில் பெயர்ந்து வரும். இத்தகைய அடுக்கு மாதக்கணக்கில் ஆறுவதில்லை. ஆழத்தில் புதையப் புதைய அதைத் தூண்டுவது அரிதாகும். தூண்டப்பட்டால் வருவது பெருஞ்சரிவு. பலர் பத்திரமாகக் கடந்த தடம் என்பது இங்கே எதற்கும் சான்றாகாது.

பனியறிவு மிக்க வழிகாட்டி உடனிருந்தால் போதும் என்போர் உண்டு. ஆனால் கன்னாட் ஓடை விபத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஜனவரி 20 அன்று, அதே செல்கர்க் மலைகளின் டுராண்ட் பனியாற்றுப் பகுதியில் தேர்ந்த வழிகாட்டியின் கீழ் சென்ற குழுவிலும் எழுவர் மாண்டனர். ஸ்னோபோர்டு முன்னோடி கிரெய்க் கெல்லி அவர்களுள் ஒருவர். அங்கும் நழுவியது அந்த நவம்பர் அடுக்கே. பனியறிவு வேண்டும்தான், அது மட்டும் போதாது.

கன்னாட் ஓடைச் சரிவை மாணவர்கள் தூண்டவில்லை. பெரும்பாலான உயிர்ப்பலிகளில் சரிவைத் தூண்டுவது சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான், இது விதிவிலக்கு. சியோப்ஸ் மலையின் வடமுகத்தில் தானாகக் கிளம்பிய சரிவு, மூன்றாம் நிலைப் பரப்பிலிருந்து இரண்டாம் நிலைப் பரப்புக்குள் பாய்ந்தது. நின்ற இடத்தில் குழி தோண்டிச் சோதித்திருந்தாலும் தலைக்கு மேலிருந்த சரிவைப் பற்றி அது அதிகம் சொல்லியிருக்காது. ஆனால் அந்த வடமுகம் வரைபடத்தில் எப்போதும் இருந்தது. இக்கணவாயில் இந்தப் பாடம் புதிதல்ல. 1910 மார்ச்சில், ஒரு பக்கச் சரிவு மூடிய தண்டவாளத்தைத் தோண்டிக்கொண்டிருந்த தொழிலாளர் 58 பேரை எதிர்ப்பக்கச் சரிவு கொன்றது. இன்று கணவாய் நெடுஞ்சாலைக்குப் பீரங்கிக் காவல் உண்டு: குண்டுவீசிச் சரிவை முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள். சாலையைவிட்டு விலகிப் போகிறவருக்கு அந்தக் காவல் இல்லை.

விபத்துக்குப் பின் கனடாவின் தேசியப் பூங்காத் துறை மலைத்தடங்களை எளியவை, சவாலானவை, சிக்கலானவை எனத் தரம் பிரித்தது. மேலே தொங்கும் சரிவுகள், பனி வந்து சேரும் பாதைகள், தப்ப வழியுண்டா என்பவையே அளவுகோல். அன்றைய பனிக்கு அதில் இடமில்லை. அதுவே அதன் வலிமை. பள்ளிக் குழுக்களைச் சிக்கலான தடங்களில் அழைத்துச் செல்ல இப்போது அனுமதியில்லை, அபாய அறிக்கை எந்த எண்ணைக் காட்டினாலும்.