சிராங்கூன் சாலையில் பிறக்கும் புள்ளி

சிங்கப்பூரில் ஒரு செங்காங் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் கவலை, ஊரிலிருந்து வருபவர்களை எங்கே தங்கவைப்பது என்பதுதான். நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பாய் விரித்தாலும் சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் இடம் போதாது. வருகிறவர்களுக்கோ லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் இருந்தால் நிம்மதி. கோயில், பூக்கடை, இட்லிக் கடை, முஸ்தபா கடைத்தொகுதி எல்லாம் நடந்து போகும் தூரம். 2003இல் திறந்த வடகிழக்கு ரயில் பாதையில் செங்காங்கில் ஏறினால், வண்டி மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். ஆகவே அங்கேயே மூன்று அறை போடுகிறார்கள். தங்கும் விருந்தாளிக்கு ஹோட்டல் வெகுமதியாகத் தரும் புள்ளியின் வாழ்க்கை இப்படி ஒரு தேவையில் தொடங்குகிறது.

இந்த வட்டாரத்தில் சொகுசான சிறு ஹோட்டல்கள் உண்டு. சையது ஆல்வி சாலையில் உள்ள ‘தி வேகபாண்ட் கிளப்’பில் 41 அறைகள்தாம், உள்ளலங்காரம் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஜாக் கார்சியாவுடையது. சிராங்கூன் சாலையில் ‘தி சிராங்கூன் ஹவுஸ்’ இருக்கிறது. இரண்டையும் நடத்துவது சிங்கப்பூரின் கார்ச்சா குழுமம். ஆனால் இரண்டுமே மேரியட் ஹோட்டல் சங்கிலியின் ‘ட்ரிப்யூட் போர்ட்ஃபோலியோ’ என்ற குடையின்கீழ் இயங்குகின்றன. காரணம் எளிது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தாளிக்கு 41 அறை ஹோட்டல் தனியாகப் புள்ளி கொடுத்தால், அவர் அதை எங்கே போய்ச் செலவழிப்பார்? உலகெங்கும் செல்லுபடியாகும் புள்ளியைத் தர வேண்டுமானால் பெரிய சங்கிலியில் ஒரு கண்ணியாக வேண்டும்.

புள்ளியின் வம்சம் பழையது. 1896இல் அமெரிக்காவில் தொடங்கிய எஸ் அண்ட் எச் பச்சை வில்லைகளைக் கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்குத் தந்தார்கள். வில்லைகளை ஒட்டி நிரப்பிய புத்தகத்தைக் கொடுத்து வீட்டுச் சாமான் வாங்கினார்கள் பெண்கள். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதே யோசனையை வானத்துக்கு ஏற்றி, பறந்த மைல்களை எண்ணத் தொடங்கியது. 1983இல் ஹாலிடே இன்னும் மேரியட்டும் அதைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்தன. 1999இல் சிங்கப்பூர் ஏர்லைன்சின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையர் பிறந்தது. ஸ்டார்வுட் ஹோட்டல் நிறுவனமும் அதே ஆண்டில் தன் உறுப்பினர் திட்டத்தைத் தொடங்கியது. 2015இல் ட்ரிப்யூட் போர்ட்ஃபோலியோவை உருவாக்கியதும் ஸ்டார்வுட்தான். மறு ஆண்டே மேரியட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2019 பிப்ரவரியில் இரு நிறுவனங்களின் திட்டங்களும் ‘பான்வாய்’ என்ற ஒரே பெயரில் கலந்தன.

பான்வாயில் புள்ளி பிறக்கச் சில நிபந்தனைகள் உண்டு. அறையை ஹோட்டலின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ பதிவுசெய்ய வேண்டும். மலிவு என்று வேறொரு முன்பதிவுத் தளத்தில் வாங்கினால், அறைக்குப் பொதுவாகப் புள்ளி கிடைக்காது. இடைத்தரகருக்குத் தரவேண்டிய கமிஷனை மிச்சப்படுத்துவதும் ஹோட்டல் புள்ளி தருவதற்கு ஒரு காரணம். ஒரே உறுப்பினர் மூன்று அறை வரை புள்ளி சேர்க்கலாம். பணம் அவரே கட்ட வேண்டும், ஓர் அறையில் அவரே தங்கவும் வேண்டும். சம்பந்தி வீட்டாரை இறக்கிவிட்டுக் கடைசி ரயிலில் செங்காங் திரும்பிவிடும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அறை ஒன்றுக்கு ஓர் இரவு 250 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 299.75 வெள்ளி. மூன்று அறை, இரண்டு இரவு என்றால் மொத்தம் 1,798.50. புள்ளியோ 1,500 வெள்ளிக்குத்தான் கிடைக்கும். வரியும் சேவைக் கட்டணமும் கணக்கில் வராது. ஓர் அமெரிக்க டாலருக்குப் பத்துப் புள்ளி என்ற அடிப்படை விகிதத்தில் 11,000க்குக் கொஞ்சம் மேல் சேரும்.

அந்தப் புள்ளிக்கு உடனே ஒரு செலவு இருக்கிறது. ஹோட்டல் தன் வருமானத்தில் ஒரு பங்கைத் திட்டத்தின் தலைமையகத்துக்குச் செலுத்துகிறது. தலைமையகம் அதைப் பிற்காலத்தில் தீர்க்க வேண்டிய கடனாகத் தன் கணக்கில் எழுதிவைக்கிறது. பின்னொரு நாள் வேறொரு ஊரில் அந்தப் புள்ளியால் யாரோ அறை எடுத்தால், அந்த ஹோட்டலுக்குத் தலைமையகம் பணம் தரும். சிராங்கூன் சாலையில் பிறந்த புள்ளி கொழும்பிலோ கோயம்புத்தூரிலோ அறையாக மாறுவது இந்த வழியில்தான்.

புள்ளி பேசாமல் கணக்கில் கிடக்கலாம். 24 மாதம் வரவோ செலவோ இல்லாவிட்டால் செத்துப்போகும். இடையில் ஒரு தங்கல் இருந்தால் ஆயுள் மீண்டும் நீளும். கிரிஸ்ஃபிளையர் மைலாகவும் மாறலாம். மூன்று புள்ளிக்கு ஒரு மைல். நம் 11,000 புள்ளி சுமார் 3,600 மைலாகச் சுருங்கும். சென்னைக்கு ஒருவழி டிக்கெட்டுக்குக்கூட அது போதாது. அதோடு, மைல் 36 மாதத்தில் காலாவதியாகும். விமானக் கணக்கில் சிறு குறை விழுந்தால் நிரப்பலாமே தவிர, ஹோட்டல் புள்ளியை மைலாக்குவது பொதுவாக நட்டம்.

பேசாமல் கிடக்கும் புள்ளி மெலியவும் செய்யும். முன்பு ஹோட்டல்கள் எட்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. எந்த வகைக்கு எத்தனை புள்ளி என்ற பட்டியல் எல்லாருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் மேரியட் அதைக் கைவிட்டது. இப்போது ஒரே அறைக்கு இன்று ஒரு விலை, பள்ளி விடுமுறையில் வேறொரு விலை. பல ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்தவரைக் கேட்டு இந்த மாற்றம் வரவில்லை.

ஆகவே செலவழிக்கும் நாளில் ஒரு வகுத்தல் போட்டுப் பார்ப்பது அவசியம். புள்ளியில் எடுக்கும் சாதாரண அறைக்கு வரி, சேவைக் கட்டணம் தனியாகக் கிடையாது. எனவே 250ஐ விட்டுவிட்டு 299.75 வெள்ளியைத்தான் புள்ளிகளால் வகுக்க வேண்டும். 30,000 புள்ளி கேட்டால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ ஒரு சென்ட், எடுத்துக்கொள்ளலாம். அதே அறைக்கு 45,000 கேட்டால் மூன்றில் இரண்டு சென்ட்தான். அன்று காசு கொடுப்பதே மேல். தொடர்ந்து ஐந்து இரவு எடுத்தால் நான்கு இரவுக்கான புள்ளியே கழியும் என்பதையும் மறக்கக் கூடாது. சேர்க்கும்போது நாமே தங்க வேண்டும் என்ற கட்டாயம் செலவழிக்கும்போது இல்லை. ஹோட்டலிடம் முன்கூட்டிச் சொல்லி, ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அந்த அறையில் தங்கவைக்கலாம். புள்ளிக்கு இதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரியவில்லை.

ஒரு சென்ட் கணக்கில் பார்த்தால், கல்யாண வீட்டார் கட்டிய 1,798.50 வெள்ளிக்குத் திரும்பக் கிடைத்தது சுமார் 110 வெள்ளி. எப்படியும் ஆகவேண்டிய செலவில் அது நல்ல சேமிப்பு. 25 இரவு தங்கினால் தங்க உறுப்பினர், 50 இரவென்றால் பிளாட்டினம் என்பதற்காகத் தேவையில்லாத இரவுகளை வாங்கினால், அந்த 110 வெள்ளிக்காக ஆயிரங்களை இழக்கிறோம்.

புள்ளி என்பது ஹோட்டல் நமக்குத் தரவேண்டிய பாக்கி. அதற்கு வட்டி கிடையாது. அதன் மதிப்பையும் கெடுவையும் தீர்மானிப்பவர் கடன்பட்டவரே. இப்படிப்பட்ட பாக்கியை வசூலிக்காமல் வைத்திருப்பதில் எந்தச் சிக்கனமும் இல்லை. என்றோ போகப்போகும் பெரிய பயணத்துக்கென்று பத்து ஆண்டு சேர்ப்பவரைவிட, நல்ல விலையில் ஓர் இரவுக்குப் போதுமானது சேர்ந்ததும் எடுத்துக்கொள்பவரே தன் பாக்கியை முழுதாக வாங்குகிறார்.