யாருடைய வெற்றி? இரண்டு தொழில் நிலங்களின் கதை

'நகர மறுசீரமைப்பு' என்ற சொல்லை நான் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன். சீரமைக்கப்படுவது எது? நிலமா, அந்த நிலத்தில் உழைத்தவர்களா? இதைக் கேட்காமல் வெற்றி, தோல்வி என்று பட்டியல் போடுவது கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை வரலாறாக வாசிப்பதாகும். லண்டனின் கப்பல்துறைப் பகுதியையும் ஜெர்மனியில் ரூர் பிரதேசத்தின் எம்ஷர் ஆற்றுப் பகுதியையும் அருகருகே வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

லண்டனின் மேற்கிந்தியக் கப்பல்துறை 1802இல் திறக்கப்பட்டது. கரீபியத் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த சர்க்கரை அங்கேதான் இறங்கியது. கன்டெய்னர் கப்பல்கள் வந்தபின் 1967க்கும் 1981க்கும் இடையில் துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1981இல் தாட்சர் அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மன்றங்களிடமிருந்த திட்டமிடும் அதிகாரம் அதன் கைக்குப் போனது. 1982இல் ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில் முதலீட்டாளர்களுக்குப் பத்தாண்டு உள்ளூர் வரிவிலக்கு.

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. ராயல் துறைகளில் விமான நிலையம் வேண்டாம் என்று 1983இல் தாங்களே ஒரு மாற்றுத் திட்டம் தயாரித்தார்கள். அதற்குத் துணைநின்ற பெருலண்டன் மன்றம் 1986இல் கலைக்கப்பட்டது. 1987இல் விமான நிலையம் திறந்தது. கேனரி வார்ஃப் கோபுரம் 1991இல் எழுந்தது, அடுத்த ஆண்டே அதைக் கட்டிய கம்பெனி திவாலானது. எல்லாத்தையும் சந்தையே பார்த்துக்கும்னு சொன்னாங்க. அந்தக் கோபுரத்தைக் காப்பாற்றிய ஜூபிலி ரயில் பாதைக்குப் பெரும்பகுதி அரசுப் பணம்தான்.

எம்ஷர் கதை வேறு மாதிரி. நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் தாழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்கடியில் கழிவுக் குழாய் போட முடியவில்லை. ஆறே திறந்த சாக்கடையானது. 1989 முதல் 1999 வரை மாநில அரசு 17 ஊராட்சிகளோடு சேர்ந்து கார்ல் கான்சர் தலைமையில் ஒரு திட்டம் நடத்தியது. ஊராட்சிகளின் அதிகாரம் பறிக்கப்படவில்லை. டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடப்பட்ட இரும்பாலையை இடிக்காமல், பீட்டர் லாட்ஸின் வடிவமைப்பில் 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஊதுலை அப்படியே நிற்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. 1992இல் தொடங்கிய ஆற்று வேலை முப்பது ஆண்டு நடந்தது. 2021 இறுதியில் எம்ஷரில் கழிவுநீர் விழுவது நின்றது.

அப்படியானால் ஜெர்மனி நல்லது, இங்கிலாந்து கெட்டது என்று முடித்துவிடலாமா? அங்கேதான் நான் தயங்குகிறேன். ஐல் ஆஃப் டாக்ஸ் லண்டனின் நிதிச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த நிலத்துக்கு விலை இருந்தது. எம்ஷரின் நஞ்சேறிய மண்ணை மூலதனம் கேட்கவில்லை. கேட்காததால்தான் அது பொதுவுக்கு வந்தது. அதுவும் இலவசமாக அல்ல. நிலத்தைக் கெடுத்துவிட்டுப் போன கம்பெனிகளிடமிருந்தே மாநில அரசின் நிலநிதி பொதுப்பணத்தில் அதை வாங்கியது. மக்களுக்கு நிலம் கிடைப்பது மூலதனம் துப்பிய பிறகுதான் என்றால், இதை முழு வெற்றி என்று எப்படிச் சொல்ல?

வேலையின் கதையும் இதுதான். டவர் ஹாம்லெட்சில் வங்கிக் கோபுரங்களின் நிழலிலேயே இங்கிலாந்தின் மிக மோசமான குழந்தை வறுமை இருக்கிறது. ரூரில் கடைசிச் சுரங்கம் 2018இல் மூடப்பட்டது. கெல்சென்கிர்சன் நகரின் வேலையின்மை ஜெர்மனியிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. 1993 செப்டம்பரில் ஐல் ஆஃப் டாக்ஸின் மில்வால் வட்டத்தில் வீடு கிடைக்காத கோபம் வங்கதேசக் குடும்பங்கள் மீது திருப்பப்பட்டு, பிரிட்டிஷ் தேசியக் கட்சி ஒரு மன்ற இடத்தை வென்றது. 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் கெல்சென்கிர்சனின் கட்சி வாக்குகளில் வலதுசாரி ஏ.எஃப்.டி. முதலிடம் பெற்றது. ஒன்றில் நிலம் விற்கப்பட்டது, மற்றதில் ஆலை நினைவுச் சின்னமானது. இரண்டிலும் தொழிலாளியின் இடம் காலியாகவே விடப்பட்டது. அந்தக் காலி இடத்தில்தான் இனவெறி வந்து உட்கார்ந்தது.

ஆனாலும் வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. டூயிஸ்பர்க்கில் பழைய உலைத் தொழிலாளியின் பேத்தி யாரையும் கேட்காமல் அந்த ஆலைக்குள் நடக்கலாம். கேனரி வார்ஃபில் தெருவே தனியார் சொத்து, காவலாளி போகச் சொன்னால் போகத்தான் வேண்டும். இந்த வித்தியாசம் சின்னதல்ல, போதுமானதும் அல்ல. என்ன கட்டினார்கள் என்பதை விட்டுவிட்டு, யார் முடிவெடுத்தார்கள், யார் அங்கேயே வாழ முடிந்தது, என்ன வேலை கிடைத்தது என்று கேட்டால்தான் நமக்கு இந்த வரலாறு பயன்படும்.