கரிசல் சிறுகதை

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்தில் பிறந்த சிறுகதை மரபு. வீட்டுக்குள் தெலுங்கு பேசும் கம்மவார், ரெட்டியார், ராஜூக்கள், தமிழ் பேசும் பல சாதியினர், இஸ்லாமியர், கிறித்தவர் எனப் பலர் ஒட்டி வாழும் பூமி இது. ஆனால் ஊர் எல்லோருக்கும் ஒரேபோலச் சொந்தமாக இருந்ததில்லை. 1899-இல் சிவகாசியில் கோயில் நுழைவை ஒட்டி மூண்ட கலவரம் அதற்குச் சாட்சி. பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவல் அதை விரிவாகச் சொல்கிறது.

மரபுக்கு அடித்தளமிட்ட கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் 1923-இல் பிறந்தவர்கள்; இருவருக்கும் வீட்டு மொழி தெலுங்கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், தீபாவளிக்கு முந்தைய இரவில் வந்து நிற்கும் அநாதைச் சிறுவனை ஏழைத் தாய் ஒருத்தி குளிப்பாட்டித் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். கி.ரா.வின் ‘கதவு’ இன்னும் கூர்மையானது. தெருவில் கிடைத்த தீப்பெட்டிப் படத்தைச் சிறுமி லட்சுமி வீட்டுக் கதவில் ஒட்டுகிறாள். பிள்ளைகளுக்கு அந்தக் கதவே விளையாட்டு பஸ். தீர்வை பாக்கிக்காக ஒருநாள் அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டில் வாடைக்குப் பலியாவது கைக்குழந்தை. தங்களுக்கென்று இருந்த ஒரே பொருளும் போன குடும்பத்தைத் தமிழில் இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன கதைகள் சிலவே.

அடுத்த தலைமுறை 1970-களில் இடதுசாரி இதழ்கள் வழியே வந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மேலாண்மை பொன்னுச்சாமி, மேலாண்மறைநாட்டில் மளிகைக்கடை நடத்தியபடியே எழுதினார்; ‘மின்சாரப் பூ’ தொகுப்புக்கு 2007-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையைத் தழுவி 2008-இல் வெளியான ‘பூ’ திரைப்படம், பட்டாசு ஆலையில் வேலை செய்யும் பெண்ணைக் கதைநாயகியாக்கியது.

மரபை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர் பாமா. விருதுநகர் மாவட்டப் புதுப்பட்டியில் தலித் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ‘கருக்கு’ (1992) எழுதிய பின் ‘கிசும்புக்காரன்’ சிறுகதைத் தொகுப்பைத் தந்தார். அதிலுள்ள ‘அண்ணாச்சி’ கதையில், அம்மாசி என்ற கூலிக்கார இளைஞன் மேல்சாதிக்காரரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டதற்காக நாட்டாமையிடம் பிராது போகிறது. மளிகைக்கடையிலும் பஸ்ஸிலும் முன்பின் தெரியாதவரைக்கூட மரியாதையாக அழைக்க இவ்வட்டாரத்தார் சொல்லும் அதே முறைப்பெயர், அம்மாசி வாயிலிருந்து வந்தால் குற்றமாகிறது. முந்தைய கரிசல் கதைகள் பரிவோடு வெளியிலிருந்து பார்த்த சேரியை இக்கதை உள்ளிருந்து பேச வைத்தது. சேரியின் கேலியும் சிரிப்பும் குன்றாமல் வந்தன. இம்மரபின் பெரிய திருப்பம் இதுதான்.

இம்மரபு இன்னும் முழுதாகத் தொடாத களமும் உண்டு. 1920-களில் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது. பட்டாசு அதைத் தொடர்ந்தது. விடியற்காலையில் ஆலை பஸ்கள் சுற்றுப்பட்டிப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற காலம் உண்டு. தீப்பெட்டி ஆபீஸ் சிறார்களின் வாழ்வைப் பூமணி ‘கருவேலம்பூக்கள்’ படமாக எடுத்தார். பல சாதிப் பெண்கள் ஒரே கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்து திரி பின்னி, மாலையில் தனித்தனித் தெருக்களுக்குத் திரும்பும் வாழ்க்கைக்கு ஈடான அளவில் சிறுகதைகள் இன்னும் வரவில்லை. வெடிவிபத்துச் செய்திகளில் எண்ணிக்கையாக மட்டுமே தெரியும் அந்தப் பெண்களின் வீட்டுப் பிள்ளைகள் எழுத வேண்டும். இதழ்கள் அவர்களைத் தேடிப்போய்க் கதை வாங்கிப் போட வேண்டும்.