கணினி இயங்க மறுத்தால் முதலில் கோப்புகளைக் காப்போம்

ஒரு காலத்தில் குடும்பத்தின் பெறுமதிமிக்க ஆவணங்கள் யாவும் அலுமாரியின் ஒரு தட்டிலோ தகரப் பெட்டியிலோ பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. இன்று பல இல்லங்களில் அந்த இடத்தை வீட்டுக் கணினி பிடித்துக்கொண்டுள்ளது. காணி உறுதியின் பிரதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், மறைந்த பெற்றோரின் புகைப்படங்கள் என அனைத்தும் அதனுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. அக்கணினி ஒரு நாள் இயங்க மறுத்துக் கருந்திரையை மட்டும் காட்டுமாயின் வீட்டார் பதற்றமடைவது இயல்பே. ஆயினும், பல சந்தர்ப்பங்களில் கோப்புகளை அழிப்பது கணினியின் பழுது அல்ல. அதனைத் திருத்துவதில் நாம் காட்டும் அவசரமே அவற்றை அழிக்கின்றது.

கணினி தொடங்காமை வேறு, கோப்புகள் அழிதல் வேறு என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் தொடங்க முடியாது முடங்கின. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் வங்கிகளும் தவித்தன. எனினும், 'சேஃப் மோட்' எனப்படும் பாதுகாப்பு நிலையில் கணினியைத் தொடக்கி, குறித்த பிழையான கோப்பை மட்டும் நீக்கியதும் அவை மீண்டன. பயனாளர்களின் ஆவணங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இதன் காரணம் எளிதானது. மின்னாளியை அழுத்தியதும் தாய்ப்பலகையிலுள்ள அடிப்படை மென்பொருள் முதலில் உறுப்புகளைச் சோதிக்கின்றது. பின்னர் வன்தட்டில் உள்ள தொடக்க நிரலைத் தேடுகின்றது. அந்நிரல் விண்டோஸை அழைக்கின்றது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணினி தொடங்காது. மின்சாரம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு பாதியில் சிதைவதும் இதற்கான காரணங்களுள் ஒன்றாகும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு இது புதிதன்று. எனினும், நமது புகைப்படங்களும் கடிதங்களும் இச்சங்கிலிக்கு அப்பால் வேறோர் இடத்தில் உறங்குகின்றன.

ஆகையால், முதலில் செய்யவேண்டியது அவதானிப்பதாகும். திரையில் தோன்றும் செய்தியைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளல் வேண்டும். செருகியிருக்கும் பென் டிரைவ், நினைவக அட்டை ஆகியவற்றை அகற்றிவிட்டு மீண்டும் முயலலாம். கணினி அவற்றிலிருந்து தொடங்க முயன்று தடுமாறுவதுண்டு. விளக்கு எதுவும் ஒளிராவிடின் மின் இணைப்பையும் மின்வழங்கியையும் ஆராய வேண்டும். மின்விசிறி சுழன்றும் திரை கறுத்திருந்தால் திரையின் வடத்தையும் நினைவகத் தகட்டின் இணைப்பையும் பரிசோதிக்கலாம். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்த பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும்.

வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை விட்டுவிட்டுக் கேட்குமாயின் உடனே கணினியை நிறுத்திவிட வேண்டும். அது இயந்திரப் பழுதின் அறிகுறி. மேற்கொள்ளும் ஒவ்வொரு முயற்சியும் தட்டின் மேற்பரப்பை மேலும் சிதைக்கக்கூடும். அத்தகைய தட்டைத் தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே உசிதம்.

அத்தகைய ஓசை இல்லையெனில், விண்டோஸ் 10, 11 ஆகியவை தொடர்ந்து சில தடவைகள் தொடங்கத் தவறியதும் தாமாகவே மீட்புத் திரையைக் காட்டும். அதிலுள்ள 'ஸ்டார்ட்அப் ரிப்பெயார்', 'சேஃப் மோட்' ஆகியன ஆவணங்களில் கைவைப்பதில்லை. 'ரீசெட்' என்ற தெரிவு அவ்வாறானதன்று. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தெரிந்தால் அனைத்தும் அழியும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்பது சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு, நாம் நிறுவிய மென்பொருள்களை நீக்கிவிடும். இதனையும் கோப்புகளைப் பிரதிசெய்த பின்னரே மேற்கொள்ளல் நன்று.

விண்டோஸ் எழவே மறுத்தாலும் கோப்புகளை வெளியே எடுக்க வழியுண்டு. வேறொரு கணினியின் உதவியுடன் 16 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்றில் உபுண்டு என்ற இலவச லினக்ஸை ஏற்றிக்கொள்ளலாம். அவ்வேளையில் பென் டிரைவில் இருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்கலாகாது. பழுதான கணினியை அதிலிருந்து தொடக்கி, 'நிறுவு' என்பதைத் தவிர்த்து 'முயன்று பார்' என்ற பொருள்தரும் தெரிவைத் தேர்ந்தால், வன்தட்டில் எதையும் மாற்றாமலே அதனைத் திறந்து பார்க்கலாம். 'யூசர்ஸ்' என்ற கோப்புறையை வெளி வன்தட்டொன்றுக்குப் பிரதிசெய்துகொண்டால் பெரும் பாரம் நீங்கும். கழற்றக்கூடிய தட்டாயின் அதனை யூ.எஸ்.பி. உறையொன்றில் இட்டு மற்றொரு கணினியுடன் இணைத்தும் இதனைச் செய்யலாம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழக்கூடும். புதிய கணினிகள் பலவற்றில் பிட்லொக்கர் என்ற பூட்டு தட்டைக் குறியாக்கம் செய்து வைத்திருக்கும். அதனைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் தேவை. பெரும்பாலும் அது பயனாளரின் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இயங்கும் இன்றே அதனை ஒரு தாளில் எழுதிவைத்தல் வேண்டும். கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தின்போது பல அலுவலகங்களின் மீட்புப்பணி தாமதமாவதற்கு இத்திறவுகோலைத் தேட நேர்ந்ததும் ஒரு காரணமாகும்.

திருத்துநரிடம் கணினியைக் கொடுப்போரும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "கோப்புகளை எடுத்துத் தரும்வரை போமட் செய்ய வேண்டாம்" என்பதே அது. அதனை எழுதிக் கொடுத்தல் இன்னும் நன்று. விண்டோஸை மறுபடி நிறுவுவது விரைவான, மலிவான வழி என்பதால் பலர் அதனையே முதலில் நாடுகின்றனர். ஆனால் போமட் செய்து விண்டோஸை நிறுவும்போது பழைய கோப்புகள் இருந்த இடத்தின்மீது புதியவை எழுதப்படுகின்றன. எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகளிலோ அழிக்கப்பட்ட பகுதிகள் தாமாகவே துப்புரவு செய்யப்படுவதால் பின்னர் மீட்பது பெரும்பாலும் இயலாத காரியமாகிவிடும். மென்பொருளை மீண்டும் நிறுவலாம். இல்லாமற்போன தந்தையின் குரற்பதிவை மீண்டும் பெற முடியாது.

எனவே முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற விதியைப் பின்பற்றுவது பயனளிக்கும். வெளி வன்தட்டு ஒன்றும் இணையச் சேமிப்பகமும் இதற்குப் போதுமானவை. பிரதிசெய்ததும் வெளித்தட்டைக் கழற்றி வைத்தால், கணினியைத் தாக்கும் வைரஸ் அதனை அணுகாது. கணினி என்றோ ஒரு நாள் பழுதடையும் பொருளே. அதற்குள் இருப்பவை அதனோடு போய்விடாமற் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பாகும்.