எருவும் கொல்லா நெறியும்

உண்கலத்தில் ஊன் இல்லையாயின் கொல்லாவிரதம் நிறைந்துவிடுமோ, அன்றி அவ்வுணவு விளைந்த நிலத்தையும் உசாவுதல் வேண்டுமோ என்பது ஆராய்தற்குரிய வினாவாகும். நம்மனோர் இதனைப் பெரிதும் எண்ணிற்றிலர். திருக்குறள் கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்ததோடு, உழவதிகாரத்தில் எருவிடுதலின் சிறப்பையும் கூறுகின்றது. அவ்வெரு யாதினான் ஆயது என்பதை அது கூறப் புகவில்லை. மேனாட்டிலோ, 20ஆம் நூற்றாண்டின் நடுவே, இவ்வினா இரண்டு இயக்கங்களின் முரணாக எழுந்தது. செயற்கை உப்புரங்களை விலக்கிய இயற்கை வேளாண்மை ஒன்று. ஊனோடு பால், முட்டை, தேன், தோல் முதலிய விலங்கின்வழிப் பொருள் யாவற்றையும் விலக்கும் வீகன் நெறி மற்றொன்று. (நம் வழக்கில் 'சைவ உணவு' பாலையும் நெய்யையும் தன்னுள் அடக்குதலின், பின்னதனை 'நனிசைவம்' என்பாரும் இக்காலத்து உளர்.) இவ்விரண்டும் தம்முள் இயையுமா என்பதை வரலாற்று முறையில் ஈண்டு ஆராய்வாம்.

இயற்கை வேளாண்மைக்கு மேனாட்டு முன்னோருள் தலையாயவர் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர். அவர் அதனைக் கற்ற இடம் நம் பாரத நாடே. 1905இல் பீகாரத்துப் பூசா ஆராய்ச்சி நிலையத்திற்குப் பயிர்நூலறிஞராய் வந்த அவர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றினார். செடிகொடிகளின் கழிவு, மாட்டுச் சாணம், கோமூத்திரம் ஊறிய தொழுவமண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காய் இட்டு, நீர் தெளித்துப் புரட்டி, ஏறக்குறைய மூன்று திங்களில் மக்கச் செய்யும் 'இந்தூர் முறை' அங்கே உருவாயிற்று. யஷ்வந்த் வாடு என்பாருடன் சேர்ந்து 1931இல் அவர் வெளியிட்ட நூல் அம்முறையை விளக்கியது. 1940இல் வந்த பெருநூலில், காட்டினைச் சான்றாகக் காட்டி, மரமும் விலங்கும் கலந்து வாழ்தலே இயற்கையின் முறையென்றும், ஆகலின் விலங்கில்லாப் பண்ணை குறையுடையதென்றும் அவர் நிறுவ முயன்றார். 1924இல் கோபர்விட்சு என்னும் ஊரில் ருடால்பு ஸ்டைனர் ஆற்றிய வேளாண்மைச் சொற்பொழிவுகள் இதனினும் ஒரு படி மேற்சென்றன. பசுவின் கொம்பிற் சாணத்தை நிறைத்துக் குளிர்காலம் முழுதும் புதைத்தலும், கலைமானின் சிறுநீர்ப்பையுள் மூலிகையைப் பெய்து வைத்தலும் அம்முறையின் உறுப்புக்களாம்.

1939இல் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து ஹாலி என்னும் ஊரில் ஈவ் பால்பர் அம்மையார் தொடங்கிய நீண்ட ஆராய்ச்சியை ஈண்டுக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நிலம் மூன்று கூறாகப் பகுக்கப்பட்டது. விலங்கும் மக்கெருவும் உடையது ஒன்று. விலங்கோடு உப்புரமும் கலந்தது ஒன்று. விலங்கே இன்றி உப்புரத்தால் நடப்பது ஒன்று. 'விலங்கில்லாதது' எனின் 'உப்புரத்தால் ஆயது' என்பதே அத்தலைமுறையார் கொள்கை போலும். விலங்கும் இன்றி உப்புரமும் இன்றி நான்காவதொரு கூறு வகுக்க அவர்க்குத் தோன்றிற்றிலது. பின்வந்த பிணக்கெல்லாம் இந்த விடுபட்ட நான்காங் கூற்றைப் பற்றியதே எனலாம்.

அம்மையார் முதலியோர் மண்ணுக்கெனச் சங்கம் நிறுவியது 1946இல். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1944 நவம்பரில், டொனால்டு வாட்சன் முதலிய சிலர் அதே நாட்டில் வீகன் சங்கத்தைத் தோற்றுவித்தனர். வாட்சன் தச்சுவேலை கற்பித்த ஆசிரியர். தம் தோட்டத்தில் மண்புழு அறுபடாமைப்பொருட்டு, தட்டையான மண்வாரியை விடுத்துக் கவைமுட் கருவியாற் கிளறியவர். இத்தகையார் தம் கீரைப்பாத்திக்குக் கொலைக்களத்துக் குருதித்தூளையும் எலும்புத்தூளையும் இட ஒருப்படுவரோ? இயற்கை வேளாண்மைத் தரநெறிகளோ, ஐரோப்பாவினும் அமெரிக்காவினும் இந்தியாவினும், சிற்சில கட்டுப்பாடுகளோடு இவற்றிற்கு இடந்தருகின்றன. எனவே 'இயற்கை விளைவு' என்னும் முத்திரை ஒன்றே கொண்டு, அவ்விளைவு கொலைக்களத்தோடு தொடர்பற்றது எனத் துணிதல் கூடாது. நிவேதனத்திற்குக் காய்கனி தெரிந்து வாங்கும் அடியார்க்கும் இஃது அறியற்பாலதே.

எலும்பும் குருதியும் கொலையின் பயனாதல் தெளிவு. சாணம் அங்ஙனமன்றே, உயிருள்ள ஆவினின்றும் தானே விழுவது, அதனைக் கொள்ளுதலால் வரும் குற்றம் யாது எனின், கூறுதும். நம்மவர் பலர்க்கும் இத்தடை முதற்கண் தோன்றுவதாகலின் இதனைச் சற்று விரித்தல் தகும். ஆவொன்று பால் சுரத்தற்குக் கன்றீனல் வேண்டும். ஈனுங் கன்றுகளுட் பாதியளவு ஆண். பண்டைத் தமிழ் உழவன் வீட்டில் அவ்வாண்கன்று வளர்ந்து ஏரிழுத்தது, ஏற்றமிறைத்தது, வண்டி பூட்டப்பட்டது. அதனைக் கொல்லுதற்கு அவனுக்கு ஏதுவில்லை, காத்தற்கே ஏது உண்டு. இயந்திர ஏரும் நீரிறைக்கும் மின்பொறியும் வந்தபின் அவ்வேலை பெரிதும் ஒழிந்தது. வேலையற்ற ஆண்கன்று எங்கே செல்கின்றது என்பதைச் சந்தையிற் காணலாம். ஆகவே பால்வளத்திற்கென வளர்க்கும் மந்தையின் சாணம், தான் கொலைப்பொருள் அன்றாயினும், கொலையோடு ஒரு கணக்கிற் பிணைந்துளது என்னும் வீகன் நெறியாரின் கூற்றை எளிதில் தள்ளிவிடல் இயலாது. முதுமையுற்ற மாட்டையும் இறுதிவரை காக்கும் கோசாலையின் சாணம் வேறு. அதனையும் இதனையும் ஒன்றாக வைத்தெண்ணுதல் பிழையாம்.

இனி, எதிர்ப்பக்கத்தும் ஒரு வியப்புண்டு. 1842இல் ஜான் லாஸ் என்பார் காப்புரிமை பெற்ற சூப்பர் பாஸ்பேட் உரம், எலும்பைக் கந்தகத் திராவகத்திற் கரைத்தலினின்றும் வளர்ந்தது. ஐரோப்பியப் போர்க்களங்களின் எலும்புகளையும் இங்கிலாந்து தன் வயலுக்கென வாரிக்கொள்கின்றது என லீபிக் என்னும் ஜெர்மானிய இரசாயன நூலறிஞர் குற்றஞ்சாட்டினார். பின்னரோ, 1909இல் ஃபிரிட்சு ஹேபர் காற்றின் நைட்ரஜனை ஆய்வுக்கூடத்தில் அமோனியாவாக்கிக் காட்ட, 1913இல் ஒப்பாவில் அதற்கென ஆலை எழுந்தது. அவ்வழிவந்த உப்புரத்தில் விலங்கின் பொருள் அணுவளவும் இல்லை. ஆகவே, கொல்லாமை ஒன்றையே நோக்குவார்க்கு, அவர் வெறுக்கும் ஆலையுரமே இயற்கையெருவினும் தூயதாய்த் தோன்றும்! இம்முரணைக் கண்டு, இயற்கை வேளாண்மையும் வீகன் நெறியும் தம்முள் இயையா எனச் சிலர் முடிவு கூறுவர்.

அற்றன்று. அவர் துணைக்காரணத்தை முதற்காரணமாகக் கொண்டு மயங்கினார். குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம். சாணத்திலுள்ள நைட்ரஜனை ஆ படைக்கவில்லை. அது மேய்ந்த புல்லிலும் பயற்றங்கொடியிலும் இருந்ததன் பெரும்பகுதியே சாணமும் மூத்திரமுமாய் வெளிப்படுகின்றது. பயற்றினத்துச் செடிகள் தம் வேர்முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியாற் காற்றின் நைட்ரஜனை ஏற்கின்றன என்பதை 1886இல் ஹெர்மன் ஹெல்ரீகல் அறிவித்தார். 1888இல் அவரும் வில்பார்த்தும் அதனை விரிவாக வெளியிட்டனர். எனவே வளத்தின் மூலம் பயறே. மாடு அதனை விரைந்து மக்கச் செய்து ஓரிடத்திற் குவிக்கும் கருவியே. கருவிக்குப் பிறிதொரு கருவி காண்டல் அரிதன்று. கொளுஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு முதலியவற்றையும் வேம்பு, புங்கு ஆகியவற்றின் தழையையும் சேற்றில் மிதித்த நம் உழவர் இதனை ஆய்வுக்கூடமின்றியே அறிந்திருந்தனர்.

இங்கிலாந்தில் இவ்வழி மெல்லவே திறந்தது. மே புரூஸ் அம்மையார் ஸ்டைனரின் மூலிகைகளை விலங்குறுப்புக்களினின்றும் விடுவித்து, மூலிகைச்சாறு கொண்டே குப்பையை விரைந்து மக்கச் செய்யும் முறையை 1946இல் வெளிவந்த நூலில் எழுதினார். ஆயினும் அதில் தேன் சேர்த்தமையின் முழுதும் வீகன் முறையாகாது. ரோசா டால்சியல் ஓபிரையன் அம்மையாரின் தோட்டக்கலை நூல் 1956இல் வந்தது. அவ்வழிக்கென 'வீகானிக்' என்னும் பெயரை 1960இல் ஜெப்ரி ரட் என்பார் ஆக்கினார். ஆக்ஸ்போர்டு மாவட்டத்து ஹார்டுவிக் பண்ணையில் இயான் டால்ஹர்ஸ்ட் விலங்கெரு இன்றியே காய்கறி விளைத்து, விலங்கில்லா இயற்கை வேளாண்மை முத்திரையை 2004இல் முதன்முதற் பெற்றார். 2006இல் ஜென்னி ஹால் என்பாரோடு அம்முறை பற்றி நூலும் எழுதினார். ஹாலியில் விடுபட்ட நான்காங் கூறு இங்ஙனம் அறுபதாண்டிற்கு மேற்சென்றே விளைநிலமாயிற்று. ஆகவே இரு நெறியும் இயையும் என்பதே எமது துணிபு.

இயையினும் விலையின்றி இயையா. பசுந்தாளுக்கென நிலத்தின் ஒரு பகுதி ஆண்டுதோறும் விற்பனை விளைவின்றிக் கிடத்தல் வேண்டும். அவ்விழப்பை ஏழையுழவன் தாங்குவானோ என்பது அறநூல் மட்டும் விடுக்கும் வினா அன்று. உழுபடையால் மாயும் சிற்றுயிரோ எந்நெறியிலும் ஒழியாது. வீகன் சங்கத்தார் தம் நெறிக்கு இலக்கணம் வகுத்தபோது, இயன்றவரையும் நடைமுறைக்கு ஒத்தவரையும் என வரையறுத்துக்கொண்டமை இது கருதியே போலும்.

பாஸ்பரஸின் நிலை இவற்றினும் கடியது. காற்றினின்றும் அதனைப் பயறு கொணராது. நெல்லோடும் காயோடும் நகர்க்குச் சென்ற பாஸ்பரஸ் மனிதக் கழிவாய் ஆற்றிலும் கடலிலும் சேர்கின்றது. சீனரும் சப்பானியரும் அக்கழிவை வயலுக்கே மீட்டமையை 1911இல் வெளிவந்த நூலில் எப். எச். கிங் என்னும் அமெரிக்கர் வியந்தெழுதினார். ஆயின் இக்காலத்துச் சாக்கடைச் சேற்றில் ஆலைக்கழிவும் கலத்தலின், ஐரோப்பிய அமெரிக்க இயற்கை வேளாண்மை விதிகள் அதனைத் தடுக்கின்றன. எனவே எலும்புத்தூளை விலக்கிய வீகன் உழவர், குறை நேர்ந்துழிப் பாறைப் பாஸ்பேட்டை அரைத்து இடுகின்றனர். அப்பாறை பெரும்பாலும் பண்டைக் கடலடியிற் படிந்தது. அதனுள்ளும் அக்காலத்து உயிர்களின் எலும்பும் பல்லும் கலந்து கிடக்கின்றன.