டவர் இல்லைன்னு நினைச்சோம்: சிம் கார்டின் கதை

ஊருக்குப் போய்ட்டு வந்தா ஒரு பதிவாவது போடணும், இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது. இந்த முறை வரலாறு. பயப்படாதீங்க, ராஜா ராணி எல்லாம் கிடையாது. நகம் அளவு அட்டை ஒண்ணோட வரலாறு :-)

எங்க ஊர் போடிநாயக்கனூர். முந்தல் தாண்டினா மலை ஏறணும். உச்சியில போடிமெட்டு, அதுக்கு அந்தப் பக்கம் கேரளா. ஏலத்தோட்ட வேலைக்குக் காலையில ஜீப் ஜீப்பா ஜனம் ஏறும், சாயந்திரம் இறங்கும். கொண்டை ஊசி வளைவுல டவர் போறதும் வர்றதும் எங்களுக்கு மலையில மேகம் வந்து போற மாதிரி. யாரும் கண்டுக்க மாட்டாங்க.

சித்தப்பாவும் கண்டுக்கலை. 2019, புத்தடி ஏலத்துல ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்ட வருஷம். காய் வித்த பணம் பேங்க்ல இருந்தது. ஒருநாள் தோட்டத்துல அவர் போன்ல டவர் இல்லை. முந்தலுக்கு இறங்கின பிறகும் இல்லை. ஜீப்புல பக்கத்துல இருந்தவருக்கு ஃபுல்லா இருந்தது. "பழைய போனு, நாளைக்குக் கடையில காட்டிக்கலாம்"னு படுத்துட்டார். மறுநாள் கடையில சொன்னாங்க, அந்த நம்பருக்கு நேத்தே வேற சிம் கொடுத்தாச்சாம். அக்கவுண்ட்டைப் பார்த்தா பாதிக்கு மேல காணோம்.

அவர் என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. "போன் என் சட்டைப் பையிலேயேதானேடா இருந்துச்சு? அப்புறம் எப்படித் திருட்டு?"

அப்ப நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. பதில் சொல்லத் தெரியலை. இந்தப் பதிவுதான் அந்தப் பதில்.

சிம் பிறந்ததே திருட்டைத் தடுக்கத்தான்னு சொல்லலாம். பழைய அனலாக் செல்போன்கள் தங்களோட அடையாள எண்ணை அப்படியே காத்துல அனுப்பும். 1990களில் அமெரிக்காவுல அதை ஸ்கேனர் வெச்சுப் பிடிச்சு வேற போன்ல ஏத்தி, அடுத்தவன் பில்லுல பேசினாங்க. ஜிஎஸ்எம்ல இதுக்கு இடமே கொடுக்கலை. ஒரு ரகசியச் சாவி கார்டுக்குள்ள இருக்கும், அதே சாவி கம்பெனியோட கம்ப்யூட்டர்ல இருக்கும். நெட்வொர்க் ஒரு எண்ணை அனுப்பிக் கேள்வி கேட்கும், கார்டு உள்ளுக்குள்ளேயே கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். சாவி காத்துல வரவே வராது. 1991-ல் இப்படி முதல் 300 கார்டுகளை ஃபின்லாந்தின் ரேடியோலின்ஜாவுக்குக் கொடுத்தது மியூனிக்கின் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட். கரன்சி நோட்டு அச்சடிக்கிற கம்பெனி அது!

1995 ஜூலை 31-ல் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில இருந்த சுக்ராமுக்குப் பேசினதோட நம்ம நாட்டுல செல்போன் ஆரம்பம். 2003 வரைக்கும் வர்ற காலுக்கும் காசு. அப்ப சிம்மைத் திருடினாலும் கிடைக்கிறது கொஞ்ச நேரப் பேச்சுதான்.

1998-ல் மார்க் பிரிசெனோ, இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் மூணு பேரும் சேர்ந்து சிம்முக்குள்ள இருந்த சாவியையே வெளிய எடுத்துக் காட்டினாங்க. ஆனா அதுக்குக் கார்டு கையில இருக்கணும், மணிக்கணக்கா உட்காரணும். பின்னாடி வந்த கார்டுகள்ல அந்த ஓட்டையை அடைச்சாங்க.

பூட்டு பலமாச்சு. ஆனா பெட்டிக்குள்ள இருந்த பொருள் மாறிப்போச்சு. ஆன்லைன்ல கார்டுல வாங்கக் கூடுதலா ஒரு உறுதி வேணும்னு 2009 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. போகப்போக அந்த உறுதி எஸ்எம்எஸ்ல வர்ற ஓடிபி ஆச்சு. 2016-ல் யுபிஐ வந்தது. பேச்சுக்குன்னு செஞ்ச சிம், யாரும் கேட்காமலே பேங்க் சாவி ஆயிடுச்சு.

திருடனும் புத்திசாலி. பூட்டை எதுக்கு உடைக்கணும்? கவுண்ட்டர்ல போய் "சிம் தொலைஞ்சு போச்சு"ன்னா போதுமே! 2018 டிசம்பர் கடைசியில மும்பை வியாபாரி ஒருத்தருக்கு ராத்திரி ஆறு மிஸ்டு கால். காலையில சிம் செத்திருந்தது, 1.86 கோடி ரூபாய் போயிருந்தது. 2019 ஆகஸ்ட்ல ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சியோட ட்விட்டர் கணக்கையே அவர் நம்பரைக் கைப்பற்றித்தான் பிடிச்சாங்க. அவருக்கே இந்தக் கதின்னா சித்தப்பா எந்த மூலைக்கு?

சித்தப்பா, இப்பச் சொல்றேன். ஏலக் கம்பெனியில மூட்டையைப் போட்டுட்டு சீட்டு வாங்குவீங்கல்ல? சிம் அந்தச் சீட்டுதான். நம்பர்ங்கிற மூட்டை கம்பெனி ரிஜிஸ்டர்ல இருக்கு. யாரோ உங்க பேரைச் சொல்லி வேற சீட்டு வாங்கிட்டா, உங்க பையில இருக்கிறது வெறும் அட்டை.

விதிகளும் மெதுவா வந்தன. சிம் மாத்தினா 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தணும்னு 2022-ல் உத்தரவு. மாத்தின 7 நாளுக்குள்ள வேற கம்பெனிக்கு நம்பரைக் கொண்டுபோக முடியாதுன்னு 2024 ஜூலை முதல் விதி. ஏமாத்தி சிம் வாங்கினா 3 வருஷம் வரை ஜெயில்னு 2023-ம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டம் சொல்லுது.

நாம செய்ய வேண்டியது கொஞ்சம்தான். போன் செட்டிங்ல சிம் பின் போடுங்க. போனைத் திருடினவன் சிம்மை வேற போன்ல போட்டாலும் பின் கேட்கும். மூணு தடவை தப்பா அடிச்சா பூட்டிக்கும், அப்புறம் பியூகே எண் வேணும். போன்ல யாராவது "இ-சிம்முக்கு மாத்தித் தர்றோம், இந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்புங்க"ன்னா அனுப்பாதீங்க. சஞ்சார் சாத்தி தளத்துல உங்க பேர்ல எத்தனை நம்பர் ஓடுதுன்னு பாருங்க. பணம் போயிருந்தா உடனே 1930, அப்புறம் பேங்க். தப்பு உங்க மேலயும் இல்லை, பேங்க் மேலயும் இல்லைன்னா, 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நஷ்டம் உங்க தலையில விழாதுன்னு 2017-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு.

இதெல்லாத்தையும் விட முக்கியமா, மலைக்காரங்களுக்கு ஒரு விஷயம். சிம் பறிபோனதுக்கு முதல் அறிகுறி டவர் போறது. நமக்கோ அது தினசரி நடக்கிறது. அதனால பக்கத்துல இருக்கிறவர் போனைப் பாருங்க. அதே கம்பெனி சிம், அவருக்கு டவர் இருக்கு, உங்களுக்கு இல்லைன்னா, நாளைக்குன்னு தள்ளாதீங்க. அவர் போனை வாங்கி அப்பவே கஸ்டமர் கேருக்குக் கூப்பிடுங்க.

சித்தப்பாவுக்குக் கொஞ்சம் பணம் திரும்ப வந்தது, மீதி வரலை. இப்ப முந்தல் வந்ததும் ஜீப்புல எல்லார்கிட்டயும் "டவர் இருக்கா?"ன்னு கேட்கிறார். சிரிக்கிறாங்க. கேட்கட்டும், நல்லதுதான்.

உங்க வீட்டுப் பெரியவங்க போன்ல சிம் பின் இருக்கா மக்களே? பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.